டைமர் கழுத்தறுத்த கதை உங்களிட்டயும் இருக்கா?

படுவான்கரையான்:
குஞ்சு பொரிக்கிற பெட்டி. ஆர்டுயினோ நானோ எண்ட புரோகிராம் போடுற சின்னப் போர்ட், ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா தட்டைச் சரிக்கிற மோட்டார். இதுக்கு மேல விளக்கம் வேணாம், இங்க பாதிப்பேர் இப்பிடி ஒண்டு செஞ்சிருப்பீங்க. போர்டைச் சும்மா காத்திருக்க வைக்கிற டிலே கட்டளை போடல்ல. மில்லிஸைப் (போர்ட் தொடங்கினதில இருந்து எண்ணுற மில்லிசெக்கன் கணக்கு) பார்த்து, நேரம் வந்தா தட்டுத் திருப்புற ஃபங்ஷனை, அதான் கட்டளைத் தொகுதியை, கூப்பிடுற சாதாரண டைமர்தான். ரெண்டு அடை ஒரு குறையும் இல்லாமப் பொரிச்சுது.

மூண்டாவது அடை வச்சு ஆறாம் நாள், விடியச்சாமம் அம்மா தட்டி எழுப்புறா. "மனே, பெட்டிக்குள்ள என்னவோ உறுமுது." ஓடிப்போய்ப் பார்த்தா தட்டு இங்கால சரியுது, அங்கால சரியுது, நிக்குதேயில்ல. பல்ப் வெளிச்சத்தில முட்டையெல்லாம் ஊஞ்சல் ஆடுது. வயரைப் பிடுங்கவும் பயம், சூடும் அதே வயர்லதான். ஸ்குரூடிரைவர் தேடி எடுத்து வாறதுக்குள்ள தன்பாட்டில நிண்டுட்டு. மறுகா ஒரு பிழையும் இல்ல.

விடிஞ்சதும் டவுனுக்குப் போய் மோட்டாரைப் போட்டு நிப்பாட்டுற ரிலே ஸ்விட்ச் வித்த கடையில நிண்ட பொடியனைப் பிடிச்சு ஏசினன். "ஒட்டிப்போற ரிலேயை ஏன்டா விக்கிறீங்க?" அவன் ஒரு வார்த்தை பேசல்ல. புதுசு ஒண்டு எடுத்துத் தந்தான்.

கன நாளைக்குப் பிறகு என்ட புரோகிராமை நானே வாசிச்சன். அடுத்த நேரம் = இப்ப + இடைவெளி எண்டு கூட்டி வச்சிட்டு, மில்லிஸ் அதைத் தாண்டிட்டா எண்டு பார்த்திருக்கிறன். மில்லிஸ் 4294967295 வரைக்கும்தான் எண்ணும், பிறகு பூச்சியத்துக்குப் போயிரும். அது 49 நாளும் 17 மணித்தியாலமும். அந்தக் கடைசி மணித்தியாலத்தில கூட்டின எண் வழிஞ்சு சின்னதாப் போயிட்டு, மில்லிஸ் மட்டும் இன்னும் பெரிசா நிக்கிது. அதால புரோகிராம் திரும்பத் திரும்ப ஓடுற ஒவ்வொரு லூப்பிலயும் "நேரம் வந்துட்டு". மில்லிஸும் பூச்சியத்துக்குப் போன உடன தன்பாட்டில சுகமாயிட்டு. முந்தியெல்லாம் கரண்ட் போய்ப்போய் வரும், போர்டும் புதுசாத் தொடங்கும், அதால இது வெளிய தெரியல்ல. பற்றரி போட்டாப் பிறகு போர்ட் நிக்காம ஓடிச்சு, மாட்டினன்.

அந்தப் பொடியன்ட முகம்தான் இன்னும் போகுதில்ல.

சாய்ந்தமருது மச்சான்:
அண்ணன், உங்களுக்கு அம்பதாம் நாள் எண்டா எனக்கு முதல் நாளே. ஸ்கூல் கண்காட்சிக்குப் பாடவேளை மணி அடிக்கிற பெட்டி செஞ்ச. 40 நிமிசத்துக்கு ஒருக்கா அடிக்கணும். வீட்டுல 10 செக்கன் வச்சுப் பார்த்த, வாப்பா "நிப்பாட்டுடா" எண்டு கத்துற அளவுக்கு அடிச்சிச்சு. கண்காட்சியில 40 பெருக்கல் 60 பெருக்கல் 1000 எண்டு மாத்திட்டுப் போட்ட. பிரின்சிபல் சேர் மணிக்கூட்டைப் பார்த்துக்கிட்டு முன்னால வந்து நிண்டார். 40 நிமிசம் ஆச்சு. 41. 45. சேர் என்ட தோளில தட்டிட்டு அடுத்த மேசைக்குப் போயிட்டார். ஏசியிருந்தாலும் பரவாயில்ல.

நான் போட்ட ஆர்டுயினோ யூனோ போர்டில (ஆர் 3) சும்மா எழுதுற எண் 16 பிட். 32767க்கு மேல போகாது. 24 லட்சத்தை அதுக்குள்ள திணிச்சா மைனஸ் 24832 எண்டு வருது. அதை அன்சைன்ட் லாங்குக்குள்ள (மைனஸ் இல்லாத 32 பிட் எண்) போட்டா அம்பது நாளுக்குக் கொஞ்சம் குறைவு. 1000க்குப் பின்னால யூ, எல் எண்டு ரெண்டு எழுத்துப் போட்டிருந்தா முடிஞ்சிரிக்கும். 10 செக்கன் 10000 தானே, அது அடங்கிட்டு. அதான் வீட்டுல அடிச்ச.

வந்தாறுமூலைத் தங்கச்சி:
மச்சான் சொல்ற பிழை வைஃபை உள்ள இஎஸ்பி 8266 போர்டில வராது, அதில சாதாரண எண்ணே 32 பிட். அதுக்காக அதில நிம்மதி எண்டில்ல. மாமாட வட்டையில வாய்க்கால் தண்ணி மட்டம் பார்த்து போனுக்கு அனுப்புறதுக்கு குறிச்ச நேரத்துக்கு ஒருக்கா ஃபங்ஷனைக் கூப்பிடுற டிக்கர் டைமர் போட்டன். டைமர் கூப்பிடுற ஃபங்ஷனுக்குள்ளயே வைஃபையால அனுப்புற வேலையையும் எழுதிட்டன். வாடிக்குள்ள லேப்டாப்பை மடியில வச்சுக்கொண்டு இருக்கிறன், திரையில போர்ட் ரீஸ்டார்ட் ஆகுது, திரும்ப ரீஸ்டார்ட், திரும்பவும். மாமா தேத்தண்ணி ஊத்தித் தந்திட்டுக் கேட்டார்: "புள்ள, நான் போய்ப் பார்த்திட்டே வரட்டா?" போய், பார்த்து, திரும்பியும் வந்திட்டார். போர்ட் இன்னும் ரீஸ்டார்ட்.

டைமர் ஃபங்ஷனுக்குள்ள "நேரம் வந்துட்டு" எண்டு காட்டுற ஒரு கொடியை மட்டும் தூக்கிட்டு வெளிய வந்திரணும். அனுப்புற வேலையை லூப் பார்த்துக்கொள்ளும்.

பழைய ரேடியோக்காரன்:
என்ட கதை சின்னது. பம்புக்கு 15 நிமிச டிலே போட்டன். நிப்பாட்டுற பட்டனை அமத்தி அமத்திப் பெருவிரல் நொந்ததுதான் மிச்சம், டிலே முடியும்வரை அதுக்குக் காது கேக்காது. பக்கத்து வளவுக் கத்தரி மிதந்திட்டு.

தம்பி படுவான்கரை, நீங்க கூட்டினதுதான் பிழை. கழிக்க வேணும். இப்ப − கடைசி (கடைசியா ஓடின நேரம்), அது இடைவெளியைவிடக் கூடவா எண்டு பாருங்க. கடைசி 4294967000, இப்ப 200 எண்டு வைங்க. ரெண்டும் அன்சைன்ட் லாங் எண்டா கழிச்சா 496 வரும், சரியான விடை. 50 நாளுக்கு ஒருக்கா ரீசெட் பண்ணச் சொல்றவங்கட கதையைக் கேக்காதீங்க. இன்னொண்டு, ஃபங்ஷன் ஓடினாப் பிறகு கடைசியை "இப்ப" ஆக்காம, கடைசியோட இடைவெளியைக் கூட்டுங்க. இல்லாட்டி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாப் பிந்தும். யூனோ ஆர் 3இல மில்லிஸை ஓட்டுறது குவாட்ஸ் படிகம் இல்ல, அதைவிடத் துல்லியம் குறைஞ்ச செராமிக் ரெசனேற்றர். ஆயிரத்தில ஒரு பங்கு பிசகினாலே நாளைக்கு 86 செக்கன். டிஎஸ் 3231 எண்ட துல்லியமான மணிக்கூட்டுச் சிப் ஒண்டு வாங்கிப் போடுங்க. தங்கச்சி, நீங்க இஎஸ்பி 32க்கு மாறினாலும் கவனம். அதில ஓடுற ஃப்ரீஆர்டோஸ் சிஸ்டத்திட டைமரெல்லாம் ஒரே டாஸ்க்கிலதான், அதான் ஒரே வேலையாள்ட கையாலதான், ஓடும். ஒண்டு தூங்கினா மற்றதெல்லாம் வரிசையில நிக்கும். போர்ட் தொங்கிட்டா ரீஸ்டார்ட் பண்ணுற வாட்ச்டாக்கும் போடுங்க. பம்புக்கு மிதவை ஸ்விட்ச் ஒண்டும்.

படுவான்கரையான்:
அண்ண, கழிக்கிற கதை சரி, மாத்திட்டன். 3231 எதுக்கு? முட்டை ரெண்டு நிமிசம் பிந்தித் திரும்பினாக் கோழிக்குக் கோவமா வரும்?

பழைய ரேடியோக்காரன்:
இண்டைக்கு முட்டை. நாளைக்கு வேற என்னவும் செய்வீங்கதானே.

வந்தாறுமூலைத் தங்கச்சி:
அண்ணா, அந்த மூண்டாவது அடை என்ன மாதிரி?

படுவான்கரையான்:
48இல 31. மற்ற அடையளை விடக் குறைவுதான், ஆட்டினதாலயா எண்டு சொல்லத் தெரியா. ரிலேக்கு இப்ப வேற கடைக்குத்தான் போறன். கழட்டின பழையதை நேத்து மேசையில வச்சு 5 வோல்ட் குடுத்துப் பார்த்தன். டிக், டிக் எண்டு வடிவா வேலை செய்யுது.