ஊட்டியிலிருந்து அவலாஞ்சி வரை: ஏரியைப் பார்க்கப் போய் புல்வெளியைப் பார்த்த அனுபவம்

ஊட்டியில் ஒரு நாள் சுற்றுலா என்று விசாரித்தால், படகு இல்லம், தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, தேயிலைத் தொழிற்சாலை என்று வரிசையாக இறக்கி ஏற்றும் வேன் பயணத்தைத்தான் பெரும்பாலான விடுதிகளில் முதலில் சொல்வார்கள். நாங்கள் அதைத் தவிர்த்துவிட்டு, முத்தொரை பாலாடா, எமரால்டு, அவலாஞ்சி என்று குந்தா பக்கம் செல்லும் வழியைத் தேர்ந்தெடுத்தோம். டிசம்பர் மாதம்; எங்களுடன் வேறு இரண்டு குடும்பங்களும் வந்திருந்தன. வழிகாட்டியாக வந்தவர் குந்தா பகுதியைச் சேர்ந்தவர், நீலகிரியில் வாழும் படுகர் சமூகத்தவர். வண்டியை ஓட்டியவரும் அவரே. அந்தப் பக்கம் செல்ல நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: வழிகாட்டி இல்லாமல் போனால் எல்லாமே ஒரே பச்சையாகத்தான் தெரியும்.

ஊரைத் தாண்டும்போதே அவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டார். நாங்கள் அன்று பார்க்கப்போகும் நீர்ப்பரப்புகளில் எதுவும் தானாக உண்டான ஏரி அன்று. ஊட்டி ஏரியே 1820-களில் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் அமைத்தது, எமரால்டும் அவலாஞ்சியும் மின்சாரத்திற்காகக் கட்டப்பட்ட அணைகளின் நீர்த்தேக்கங்கள் என்றார். உடன் வந்த ஒருவருக்கு முகம் சற்று வாடிவிட்டது. "அணைதானா?" என்று கேட்டார். "அணைதான் சார், ஆனால் அணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இன்றைக்குக் காட்டப் போகிறேன்" என்று வழிகாட்டி பதில் சொன்னார்.

முத்தொரை பாலாடாவில் சாலையோரத்தில் இறங்கினோம். இங்கே மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டப்பட்ட காய்கறித் தோட்டங்கள். கேரட் அறுவடை செய்பவர்கள் விடியுமுன்பே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவார்களாம். நாங்கள் போனபோது பறித்த கேரட் கழுவும் இயந்திரத்துக்கு வந்துவிட்டிருந்தது. சுழலும் உருளைக்குள் மண் அப்பிய கேரட்டைக் கொட்டுகிறார்கள். மேலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது. சில நிமிடங்களில் செந்நிறக் குழம்பாக மண் வழிந்தோட, மறுமுனையில் பளபளவென்று கேரட் விழுகிறது. அதைத் தரம் பிரித்து மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறார்கள். முன்பு இந்தச் சரிவுகளில் உருளைக்கிழங்குதான் அதிகம் என்றும், 1961-இல் இங்கே கண்டறியப்பட்ட, வேரைத் தாக்கும் நூற்புழு அந்தப் பயிரைப் பெரிதும் பாதித்தது என்றும் வழிகாட்டி விளக்கினார். இதே முத்தொரையில் மத்திய அரசின் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1957 முதல் இயங்கி வருகிறது.

அடுத்து நாங்கள் சென்றது தோடர் பழங்குடியினரின் மந்து (குடியிருப்பு) ஒன்றுக்கு. அதன் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று நினைக்கிறேன், ஏனெனில் அது சிலர் குடியிருக்கும் இடம், காட்சிக்கூடம் அன்று. வழிகாட்டி எங்களை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, தாம் மட்டும் போய் அனுமதி கேட்டுத் திரும்பினார். ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, கோயிலைச் சுற்றியுள்ள கல் சுவரைத் தாண்டக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள். அரைவட்டமாக வளைந்த கூரையுடைய அந்தக் கோயிலை வெளியிலிருந்து பார்த்ததே போதுமானதாக இருந்தது. உள்ளே செல்பவர் தவழ்ந்துதான் செல்ல வேண்டும் என்னும் அளவுக்கு வாசல் சிறியது.

திண்ணையில் ஓர் அம்மா வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் பூவேலை செய்துகொண்டிருந்தார். தோடர்களின் இந்தப் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் கோடோ படமோ எதுவும் வரைந்திருக்கவில்லை. "அளவு எப்படித் தெரியும் பாட்டி?" என்று என் மகள் கேட்க, அவர் துணியை அவள் கண்ணருகே கொண்டுவந்து, ஊசி முனையால் ஒவ்வோர் இழையாகத் தொட்டுக் காட்டி, எண்ணித்தான் குத்துகிறேன் என்றார். கூரையைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் சொன்னதுதான் அன்றைய நாளின் போக்கையே மாற்றியது. கோயில் கூரை வேய்வதற்கு எல்லாப் புல்லும் உதவாது, அதற்கென்று உள்ள புல் இப்போது பக்கத்தில் கிடைப்பதில்லை, ஆண்கள் வெகுதொலைவு போய் அறுத்து வருகிறார்கள் என்றார். ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டதற்கு எதிர்ச்சரிவைக் கையால் காட்டினார். எங்களுக்கு அங்கே அடர்ந்த காடுதான் தெரிந்தது.

அது காடன்று, சீகை, அதாவது வாட்டில் மரங்கள் என்று வழிகாட்டி திருத்தினார். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்டு, பின்னர் தோல் பதனிடும் தொழிலுக்குத் தேவையான பட்டைக்காக ஏராளமாக நடப்பட்ட மரம் அது. நட்ட இடத்தோடு நிற்காமல், விதை விழுந்த புல்வெளியெல்லாம் பரவிவிட்டது. அதுவரை மரம் நிறைந்த சரிவு என்றால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அதன் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் எது சோலை எனப்படும் இயற்கைக் காடு, எது சீகை, எது யூகலிப்டஸ் என்று கேட்பதே வேலையாகிவிட்டது.

எமரால்டு நீர்த்தேக்கம் அழகுதான். அதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். அவலாஞ்சியும் எமரால்டும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை என்பதும், கொழும்புத் திட்டம் என்னும் பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடா நாட்டு உதவியுடன் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் பகுதிகள் என்பதும் அங்கே நின்றபோதுதான் எனக்குத் தெரியவந்தது. இங்கிருந்து இறங்கும் நீர் குந்தா, கெத்தை, பரளி என்று மலைச்சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த மின்நிலையங்களைக் கடந்து பில்லூர் அணையைச் சேர்கிறது. கோவையின் குடிநீரில் ஒரு பகுதி அங்கிருந்துதான் போகிறது. எங்களுடன் வந்தவர்களில் ஒரு குடும்பம் கோவைதான். "எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியா இது!" என்று அந்த வீட்டுப் பெரியவர் வியந்தார்.

அவலாஞ்சியில் சோதனைச் சாவடிக்கு அப்பால் வனத்துறை வாகனத்தில்தான் செல்ல முடியும். இறங்க அனுமதியுள்ள இடங்கள் சிலவே. எங்கள் வழிகாட்டியும் எங்களோடு ஏறிக்கொண்டார். இங்கேதான் பழைய நீலகிரி இன்னும் மிச்சமிருக்கிறது. மேடுகளெல்லாம் புல், பள்ளங்களில் மட்டும் சோலை. வெளியே திறந்த சரிவில் உறைபனி இளஞ்செடிகளைக் கருக்கிவிடுவதால், காற்றும் பனியும் குறைந்த மடிப்புகளில்தான் சோலை மரங்கள் நிலைக்கின்றன என்பது ஒரு விளக்கம். ஓரிடத்தில் இறங்கியபோது வழிகாட்டி குனிந்து ஒரு புல்திட்டைக் கையால் அழுத்தினார். விரல்களுக்கிடையே நீர் கசிந்தது. மழை பெய்து எத்தனையோ நாள்களாகியும் அந்தக் கறுத்த மண் நீரைப் பிடித்து வைத்திருந்தது. அதன் கீழ்ப்புறம் சோலைக்குள்ளிருந்து விரல் தடிமனில் ஓர் ஓடை சத்தமில்லாமல் புறப்பட்டுக்கொண்டிருந்தது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய இடம் இந்த அவலாஞ்சி. அத்தகைய மழையைத் தாங்கி, மிச்சத்தைக் கோடை வரை சிறிது சிறிதாக விடுவது இந்தப் புல்லும் மண்ணும்தான் என்பதை நாங்கள் யாரும் புத்தகத்தில் படித்திருந்தால்கூட இவ்வளவு நம்பியிருக்க மாட்டோம்.

வரையாடு கண்ணில் படவில்லை. திரும்பும் வழியில் தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை ஒன்று நின்றது. அது தானாக நகரும் வரை வழிகாட்டி இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார், எங்களில் ஒருவர் ஹாரன் அடிக்கச் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

குறை சொல்வதென்றால், சிறுவர்களுக்கு இந்தப் பயணம் நீளமானது. படகு, குதிரை, கடைகள் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். எங்களுடன் வந்த மூன்றாவது குடும்பத்தினர் மாலையில் அதை வெளிப்படையாகவே சொன்னார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே நாளில் பைக்காராவையும் சேர்த்துக் காட்டுகிறோம் என்று சொல்பவர்களைத் தவிர்ப்பது நல்லது. அது வேறு திசை, இரண்டிலும் ஓட்டம்தான் மிஞ்சும். நீலகிரிக்குள் வெளியூர் வாகனங்கள் வர 2024 மே மாதம் முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) தேவை. பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் மாவட்டத்தில் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் புட்டி எடுத்துச் செல்லுங்கள். பலத்த மழைக்குப் பிறகு அவலாஞ்சிக்குள் அனுமதி நிறுத்தப்படுவது உண்டு என்பதால், புறப்படும் முன் வழிகாட்டியிடம் ஒரு முறை கேட்டுக்கொள்வது அவசியம். அவரை அமர்த்தும்போது, எத்தனை இடம் காட்டுவீர்கள் என்று கேட்காமல், எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள்.