பின்கட்டில் பேவர் பிளாக் நாங்களே பதிக்கலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. பின்பக்கம் துணி துவைக்கிற கல்லைச் சுற்றி 12க்கு 15 அடி வெறும் மண் தரை. அங்கே நானும் தம்பியும் சேர்ந்து பேவர் பிளாக் பதிக்கப் போகிறோம். வண்டி ஏறாது, ஆள் நடமாட்டம்தான். அதனால் 60 மி.மீ. கல் போதும்.

சந்தேகமெல்லாம் அடித்தளத்தில்தான். மேலே அரை அடி மணல், அதற்குக் கீழே கறுப்புக் களி. ஈரத்தில் கையில் உருட்டினால் திரி மாதிரி நீள்கிறது, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கிறது. இதன்மேல் ஜல்லி எத்தனை அங்குலம் போட்டு இறுக்க வேண்டும்? 4 போதும் என்கிறார் கல் விற்பவர். அவருக்குக் கல் போனால் சரி! களிக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி (இரண்டும் கலக்காமல் பிரித்து, தண்ணீரை மட்டும் விடுகிற துணி) விரித்தவர்கள் இருக்கிறீர்களா? ஜல்லிக்கு மேல் ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட் பரப்புவதாகத் திட்டம்.

வாட்டம், சுவரிலிருந்து வெளியே 10 அடிக்கு 2 அங்குலம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நம்ம ஊரில் தெருவிலேயே தண்ணீர் நிற்கும்போது இது எங்கே வடியும்? தென்னை ஓரம் உறிஞ்சுகுழி எடுத்தால் களியில் இறங்குமா?

அப்புறம், ஓரத்தில் செங்கல்லை நட்டு வைத்தால் போதும் என்கிறார் சித்தப்பா. கான்கிரீட் போட்டுப் பிடிக்காவிட்டால் கல் விலகாதா?

ஜல்லியையும் கல்லையும் அதிர்த்து இறுக்குகிற காம்பாக்டர் மெஷின் திருப்பாதிரிப்புலியூர் பக்கமோ புதுச்சேரியிலோ வாடகைக்குக் கிடைத்தால் இடமும் நாள் வாடகையும் சொல்லுங்கள். மழைக்கு முன் முடிக்க வேண்டும்.