புதுப்பிப்பு: நீலம் ஊதாவான சிக்கல் தீர்ந்தது

அக்கா கணினியில் வரைந்த ஓவியங்களைக் காலண்டராக அச்சிடக் கொடுத்தபோது, திரையில் ஆழ்ந்த நீலமாக இருந்த வானம் மாதிரித் தாளில் ஊதாவாக வந்தது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது, புதிய மாதிரி அருமையாக வந்திருக்கிறது.

காரணம் மெஜந்தா, அதாவது ஊதா கலந்த இளஞ்சிவப்பு அச்சு மை. திரைக்குரிய ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி) முறையிலுள்ள நீலத்தை, அச்சுக்குரிய சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள்) முறைக்கு மாற்றும்போது, பச்சை கலந்த நீல மையான சயானுக்கு ஏறக்குறையச் சமமாக மெஜந்தாவும் ஏறிவிடுகிறது. சயான் 100%, மெஜந்தா 90% என்றிருந்ததில் மெஜந்தாவை 60%க்கு இறக்கியதும் நீலம் நீலமாகவே நின்றது. சிவகாசி அச்சகத்தாரிடம் அவர்களுடைய ஆர்ட் பேப்பருக்குரிய வண்ண புரொஃபைலையும் (அந்தத் தாளில் நிறங்கள் எப்படி விழும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கினேன். எந்த அச்சகமானாலும் இதை முதலிலேயே கேளுங்கள்.

படங்கள் அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்). வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதல். தேதி எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும்தான். நான்கு மையும் சேர்ந்தால், அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது இம்மி பிசகினாலும் சிறிய எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் தெரியும்.

கிளியின் பளீர்ப் பச்சை மட்டும் வரவே இல்லை. அது நான்கு மைகளுக்கு எட்டாத நிறம். சற்று அடங்கிய பச்சைக்கு அக்கா ஒப்புக்கொண்டார். மாதிரியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டோம். அடுத்த வாரம் அச்சேறுகிறது.