டெக்சாஸ் கடலோரப் புல்வெளி: தீ வைப்பது தையிலா, ஆடியிலா?

ஹூஸ்டன்காரன்:
டெக்சாஸ், லூசியானா கடலோரத்தில் ஒரு காலத்தில் ஏறக்குறைய 90 லட்சம் ஏக்கர் புல்வெளி இருந்தது. இன்று நூற்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. அந்த மிச்சத்தை மரங்கள் மூடிவிடாமல் காக்கத் திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள், பெரும்பாலும் குளிர்காலத்தில். தீ வேண்டும்தான், ஆனால் கோடையில் வைக்கட்டும். மின்னல் விழுந்து புல் பற்றுவதும் அப்போதுதானே? தை மாதத்தில் சருகுதான் கருகும். முள்மரம் வேரில் கட்டிய சோற்றோடு தூங்கி, பங்குனியில் தளிர்த்துவிடும்.

புல்லுருவி:
கோடை எரிப்புக்கு நேரில் போயிருக்கிறீர்களா? ஓர் ஆகஸ்டில் தன்னார்வலராகப் போனேன். பச்சைப் புல் பற்ற மறுத்தது. பாதி வயல் புகைந்தது, பாதி அப்படியே நின்றது. தீக்கு முன்னால் எங்களுக்குத்தான் மயக்கம் வந்தது. குளிர்காலத்தில் வாடை ஒரே சீராக அடிக்கும், புகை கடல் பக்கம் போய்விடும். அப்புறம், வளைகுடாக் கார்டுகிராஸ் என்ற கடலோரப் புல் முற்றினால் ஊசி மாதிரி இருக்கும், மாடு தொடாது. எரிந்தபின் வரும் துளிரை விடாமல் மேயும்.

சந்தேகப்பிராணி:
மின்னல் மட்டுமா கணக்கு? 1528இல் அங்கே கரையொதுங்கிய ஸ்பானியர் கபேசா தே வாகா, பழங்குடிகள் கொசு விரட்டவும் பல்லி பிடிக்கவும் மானை வளைக்கவும் புல்லைக் கொளுத்தியதை எழுதியிருக்கிறார். கொசுவுக்கு யார் மாதம் பார்ப்பார்கள்? நம்மூர் கஸ்தூரி வேலம் அங்கேயும் உண்டு. எப்போது எரித்தாலும் அடியிலிருந்து நாலு கிளையாக முளைக்கும்.

ஹூஸ்டன்காரன்:
சரி, வேலத்தில் தோற்றேன். வெளியிலிருந்து வந்து புல்வெளியை ஆக்கிரமிக்கும் சீன டாலோ மரம் வேறு கதை. கன்றாக இருக்கும்போது கோடைத் தீ அதை நன்றாக அடிக்கும். பெரிதாகிவிட்டால் நிழலில் புல் இருக்காது, உதிர்ந்த இலையும் சீக்கிரம் மக்கிவிடும். தீ மரத்தடிக்கு வருமுன் அணைந்துவிடும்.
ஈகிள் லேக் என்ற ஊர் அருகே 1972 முதல் சரணாலயத்தில் இருக்கும் அட்வாட்டர் புல்வெளிக்கோழியையும் நினையுங்கள். வசந்தத்தில் முட்டையிட, போன வருடத்துப் புல் மறைப்பாக நிற்க வேண்டும். தையிலேயே எரித்தால் எங்கே ஒளியும்?

புல்லுருவி:
பெட்டையைக் கவரச் சேவல் ஆடுவது குட்டைப் புல்லில். அதற்கு எரித்த இடமும் வேண்டும். துண்டு துண்டாக எரித்தால் இரண்டும் கிடைக்கும்.

ஹூஸ்டன்காரன்:
துண்டு துண்டாகத்தானே? டாலோ கன்று முளைத்த துண்டையாவது ஆடிக்கு விடுங்கள்.

புல்லுருவி:
விடுகிறேன். தண்ணீர் கேன் தூக்க நீங்கள் வர வேண்டும்.