முதலில் குடியை நிறுத்த வேண்டுமா, ஒதுக்கலைப் பேச வேண்டுமா?

மருதம்:
பால்புதுமை (தன்பால், இருபால் ஈர்ப்பு, திருநர் முதலிய அடையாளம் கொண்ட) இளைஞர் ஒருவர் மனச்சோர்வோடும் குடியோடும் சிகிச்சைக்கு வந்தால் முதலில் குடியை நிறுத்த வைக்க வேண்டும் என்பதே என் நிலை. அடையாளம், வீட்டார் ஒதுக்கல் எல்லாம் பிறகு. மதுவே மனச்சோர்வைக் கொண்டுவரும். அப்படி வந்த சோர்வு, குடியை விட்ட 2 முதல் 4 வாரத்தில் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். மூன்றாம் நாளே மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்கினால், ஒரு மாதம் கழித்து எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

உடலும் காத்திருக்காது. தினமும் அதிகம் குடித்தவர் சட்டென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கும், 6 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம், 48 முதல் 96 மணிக்குள் குழப்பநிலை வரலாம். அந்த நேரத்தில் தேவை தயமின் (வைட்டமின் பி1), வலிப்பையும் நடுக்கத்தையும் அடக்கும் டயஸிபாம் வகை மருந்து, கண்காணிப்பு. ஆழமான பேச்சு அல்ல.

தாழை:
வலிப்பு விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. குடிப்பழக்கத்தின் தீவிரத்தை அளக்கும் 'ஆடிட்' கேள்வித்தாளில் 40க்கு 20ஐத் தாண்டினாலோ, முன்பு வலிப்பு வந்திருந்தாலோ, வீட்டிலேயே நிறுத்திப் பார் என்று சொல்லவே கூடாது.

ஆனால் "பிறகு" என்று நீங்கள் தள்ளிவைக்கும் அந்த ஒதுக்கல்தான் குடியின் காரணம். ஆய்வாளர் இலன் மேயர் 2003இல் விளக்கிய சிறுபான்மை அழுத்தக் கோட்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நேரடியாக நடக்கும் அவமதிப்பு ஒன்று. அடுத்தும் நடக்குமோ என்ற எதிர்பார்ப்பு, தன்னை மறைத்தல், ஊர் சொல்லும் இழிவைத் தானே நம்பிவிடுதல் ஆகியவை மற்றவை. பின்னவை மூன்றும் ஆள் தனியாக இருக்கும்போதும் ஓயாது. கெய்ட்லின் ரயான் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், கலிஃபோர்னியாவில் 21 முதல் 25 வயதுள்ள 224 பேரைக் கேட்டார்கள். பதின்ம வயதில் வீட்டாரால் கடுமையாக ஒதுக்கப்பட்டவர்களிடம், ஒதுக்கல் இல்லாத அல்லது குறைவாக இருந்தவர்களை விடத் தற்கொலை முயற்சி 8.4 மடங்கு, சட்டவிரோத போதைப் பயன்பாடு 3.4 மடங்கு.

முதல் நாளே கேட்க வேண்டியது "எவ்வளவு குடிக்கிறீர்கள்" மட்டுமல்ல. கடைசியாகக் குடித்த அந்த ஒரு இரவை எடுத்துப் பின்னோக்கிப் போகணும். குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் என்ன நடந்தது? வீட்டிலிருந்து செய்தி வந்ததா? அதைப் படித்ததும் மனதில் ஓடிய வாக்கியம் என்ன? முதல் கோப்பை உள்ளே போனதும் உடம்பில் எந்த இடம் தளர்ந்தது? இருபது நிமிடத்தில் சங்கிலி முழுதும் கைக்கு வந்துவிடும்.

மருதம்:
கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதை வைத்துக் கட்டும் சிகிச்சைக்கு ஆதாரம் நீங்கள் நினைக்கிற அளவு உறுதியாக இல்லை. ஆய்வாளர் பச்சான்கிஸ் குழு 2015இல் சோதித்த, இந்த அழுத்தத்தை மையமாகக் கொண்ட 10 அமர்வு சிகிச்சை முறையில் சோர்வும் குடியும் குறைந்தன, உண்மை. ஆனால் ஒப்பிட்டது, சிகிச்சைக்காகக் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடு. எதுவும் கிடைக்காதவரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய எந்தச் சிகிச்சையும் நன்றாகத் தெரியும். பிறகு பங்கேற்றவர்களை மூன்று பிரிவாக்கி ஒப்பிட்ட பெரிய ஆய்வில் வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று இல்லை.

இன்னொன்று. பால்புதுமையரில் பெரும்பாலானோருக்குப் போதை நோய் கிடையாது. எல்லாவற்றையும் ஒதுக்கலின் தலையில் போட்டால், சமூகம் மாறும்வரை தனக்கு விடிவில்லை என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடும்.

நீள்வட்டம்:
இருவரும் பால்புதுமையர் எல்லோரையும் ஒரே கூட்டமாக வைத்துப் பேசுகிறீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மார்ஷல் குழுவின் 2008 தொகுப்பாய்வில் தன்பால், இருபால் ஈர்ப்புள்ள இளையோரிடம் போதைப் பயன்பாட்டின் வாய்ப்பு விகிதம் மற்றவர்களை விட 190% கூடுதல். இருபால் ஈர்ப்புள்ளவரை மட்டும் பார்த்தால் 340%, பெண்களை மட்டும் பார்த்தால் 400%. இருபால் ஈர்ப்புள்ளவரை இரு பக்கமும் சந்தேகிக்கிறார்கள். துணையின் பாலினத்தைப் பார்த்து ஆலோசகரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அங்கேயே பேச்சு நின்றுபோகும்.

மதுவை மட்டும் கேட்டு விடுவதும் ஆபத்து. உடலுறவோடு சேர்ந்த போதையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஜிஎச்பி என்ற மயக்கப் போதைப்பொருளும் மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். முகர்ந்து எடுக்கும் பாப்பர்ஸும், விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து விழும். ரிட்டோனவிர் அல்லது கோபிசிஸ்டாட் கலந்த எச்ஐவி மருந்து எடுப்பவருக்குச் சில போதைப்பொருள்கள் வழக்கமான அளவு எடுத்தாலே ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறிப்போகும். மெத்தம்பெட்டமைன் (மெத்) என்ற ஊக்கப் போதைப்பொருளை விட்ட முதல் ஒன்றிரண்டு வாரம் சோர்வு அடிமட்டத்துக்குப் போகும். தற்கொலை எண்ணத்தை அப்போது கட்டாயம் கேட்கணும். அதற்குப் பிறகு பலர் மீண்டும் சறுக்குவது போதையில்லாமல் உடலுறவில் ஒருவரை நெருங்க முடியாத இடத்தில்தான். அதைப் பேச ஆள் இல்லையென்றால் மருந்து மட்டும் தாங்காது. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள், திருநங்கையர் ஆகியோரிடம் மிர்டாசபின் என்ற மனச்சோர்வு மருந்தை 24 வாரம் கொடுத்த 2020 ஆய்வில் மெத் பயன்பாடு குறைந்தது. ஆலோசனையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

தாழை:
மருதம், "சமூகம் மாறும்வரை" என்று யாரும் சொல்லவில்லை. மறைத்தலும் எதிர்பார்ப்பும் அவர் கையில் இருப்பவை, பயிற்சியால் இளகும். உங்கள் நான்கு வாரத்தில் நடப்பதைப் பாருங்கள். பொதுக் குழுவில் உட்கார வைப்பீர்கள், காதலனைக் 'காதலி' என்று மாற்றிச் சொல்வார், அதற்கே தெம்பெல்லாம் போய்விடும், மூன்றாம் வாரம் வரமாட்டார். காத்திருந்து பார்க்க ஆளே இருக்காது.

மருதம்:
குழுவை விடுகிறேன், தனி அமர்வே போதும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 கேள்வித்தாளை வாராவாரம் எடுங்கள், 10க்குக் கீழே இறங்குகிறதா என்று கோடு போட்டுப் பாருங்கள், தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாம் கேள்விக்குப் பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்றே பேசுங்கள். முன்பே மனச்சோர்வு இருந்தவருக்கு நான்கு வாரம் காக்கத் தேவையில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் இரண்டு வாரம் தூக்கமும் நினைவும் சிதறிக் கிடக்கும்போது பழைய காயத்தைத் தோண்டாதீர்கள். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

தாழை:
தோண்டச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடவே கூடாது, அவர்களிடம் எதைச் சொல்லலாம் என்ற மூன்றையும் முதல் நாள் எழுதி வாங்குங்கள். வலிப்பு வந்த இரவில் பதறிய ஊழியர் தந்தைக்கு ஃபோன் போட்டுத் துணையின் பெயரைச் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை திரும்பிப் போக வீடு இருக்காது.

நீள்வட்டம்:
அதோடு, வீட்டில் சொல்லிவிடு, மனம் லேசாகும் என்று சிகிச்சையின் தொடக்கத்தில் யாரும் அறிவுரை சொல்ல வேண்டாம். இருக்க இடமும் செலவுக்குப் பணமும் வீட்டையே நம்பி இருக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். மாற்று இடம் உறுதியாகும் முன் சொல்லி வெளியே தள்ளப்பட்டால், எந்த நண்பர்களோடு குடித்தாரோ அவர்கள் அறையில்தான் போய்ப் படுப்பார்.