பதில்: பிளாக்கிங் கால் – தடுப்பா, காத்திருப்பா, மறிப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

பிளாக்கிங் காலுக்குத் தமிழில் என்ன சொல் என்று நம் குழுவில் மடல்கள் நீண்டுகொண்டே போவதால் என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாக்கிங் காலுக்கு, அதாவது வேலை முடியும்வரை திரும்பாமல் அழைத்த நிரலை அங்கேயே நிறுத்திவைக்கும் அழைப்புக்கு, 'மறிப்பு அழைப்பு'. நான்-பிளாக்கிங் காலுக்கு 'மறிக்காத அழைப்பு'. நான் டெஸ்க்டாப் நிரல் எழுதுகிறவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே பேசுகிறேன். சர்வர்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

> 'தடுப்பு அழைப்பு' என்று ஏற்கெனவே சில இடங்களில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் 'தடு' வேறு வேலையில் இருக்கிறது. முகநூலில் ஒருவரை பிளாக் செய்வதும் உலாவியில் விளம்பரத்தை பிளாக் செய்வதும் தடுப்பதுதான். அங்கே தடுத்தால் தடுத்ததுதான், வந்தவர் திரும்பிப் போக வேண்டியது. இங்கே அப்படி இல்லை. வேலை முடிந்ததும் வழி விட்டுவிடும். அதுவரை பின்னால் வந்ததெல்லாம் வரிசையாக நிற்கும். வழிமறிப்பது, சாலை மறியல் என்று இதற்கென்றே நம்மிடம் சொல் இருக்கும்போது தடுப்பை ஏன் இழுக்க வேண்டும்?

எது எதை மறிக்கிறது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்த்துவிடலாம். மருந்துக்கடை பில் போடும் நிரல் ஒன்று. 'அச்சிடு' பொத்தானை அழுத்தினால் பில்லைத் தரவுத்தளத்தில் எழுதி, நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும். சாளரத்தைக் கவனிக்க இருப்பது ஒரே ஓர் இழை (த்ரெட், அதாவது நிரலுக்குள் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துபோகும் ஓட்டம்). சுட்டி நகர்ந்தது, விசை அழுத்தியது, 'இந்தப் பகுதியை மறுபடி வரை' என்ற கட்டளை எல்லாம் அந்த இழையின் வரிசைக்குத்தான் வரும். அந்த இழையில் ஓடும் நிகழ்வுச் சுழல் (ஈவென்ட் லூப்) ஒவ்வொன்றாக எடுத்து உரிய செயற்கூறிடம் (ஃபங்ஷனிடம்) கொடுக்கும். அச்சிடும் செயற்கூறு பிரிண்டரின் பதிலுக்காகத் திரும்பாமல் உட்கார்ந்துவிட்டால் சுழலும் நின்றுவிடும். விண்டோஸ் 5 வினாடி பொறுத்துப் பார்க்கும். அதற்கு மேலும் நிரல் வரிசையைத் தொடாவிட்டால் தொங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, சாளரத்தை வெளிறவைத்து, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று போட்டுவிடும்.

அந்த 5 வினாடி கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரா? இன்னும் மூன்று தடவை அழுத்துவார். அந்தச் சொடுக்குகள் தொலைந்துபோவதில்லை, வரிசையில் நிற்கின்றன. வழி திறந்ததும் ஒரு பில்லுக்கு நான்கு பில் வரும். ஸ்டாக்கிலும் நான்கு தடவை கழியும்.

> 'முடக்கும் அழைப்பு' என்று சொல்லலாமே?

இந்த நான்கு பில் சிக்கலுக்குப் பலர் செய்யும் வைத்தியத்திலேயே இதற்கும் பதில் இருக்கிறது. செயற்கூறின் முதல் வரியில் பொத்தானை முடக்குவார்கள், கடைசி வரியில் திறப்பார்கள். பலிக்காது. நிரல் உட்கார்ந்திருந்தபோது வந்த சொடுக்குகளைச் சுழல் எடுத்துப் பார்ப்பது செயற்கூறு முடிந்த பிறகுதான். அப்போது பொத்தான் திறந்துதான் இருக்கும். லேபிளில் 'சேமிக்கிறது…' என்று எழுதுவதும் இப்படித்தான். மாற்றியது நினைவகத்தில் மாறியிருக்கும், திரைக்கு வராது, ஏனென்றால் வரைவதும் அதே சுழலின் பொறுப்பு. வேலை முடிந்து 'முடிந்தது' என்று மாற்றிய பிறகுதான் வரைய நேரம் கிடைக்கும். பயனர் அந்த 'சேமிக்கிறது…' என்பதைக் கண்ணால் பார்க்கவே மாட்டார். இப்போது இந்த விளக்கத்தை 'முடக்கும் அழைப்பு' என்ற சொல்லோடு எழுதிப் பாருங்கள். "பொத்தானை முடக்கினாலும் முடக்கும் அழைப்பு முடியும்வரை…" டிசேபிளுக்கு முடக்கு என்று ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதைக் கலைக்க வேண்டாம்.

> 'காத்திருப்பு அழைப்பு' எல்லோருக்கும் எளிதாகப் புரியும்.

புரியும், வேறு மாதிரி. போனில் கால் வெயிட்டிங் நினைவுக்கு வரும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. காத்திருப்பது குற்றமே இல்லை. நிகழ்வுச் சுழலே அடுத்த நிகழ்வு வரும்வரை காத்திருக்கத்தான் செய்கிறது. விண்டோஸில் சுழல் செய்தியைக் கேட்டு வாங்கும் கெட்மெசேஜ் அழைப்பு கறாராகப் பார்த்தால் அதுவும் ஒரு பிளாக்கிங் கால்தான். ஆனால் வரிசை காலியாக இருக்கும்போதுதான் அது நிற்கிறது. ஆளில்லாத சாலையில் மறியல் செய்தால் யாருக்கு நஷ்டம்? எங்கே நிற்கிறது, அதன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான் விஷயம். காத்திருப்பில் அந்தப் பின்னால் நிற்பவர் காணாமல் போகிறார். மறிப்பில் இருக்கிறார்.

> நான்-பிளாக்கிங்குக்கு 'ஒத்தியங்கா அழைப்பு' போதாதா?

போதாது, இரண்டும் வேறு. சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பின் முனையில்) மறிக்காமல் படிக்கச் சொன்னால், தரவு வந்திருக்காவிட்டால் 'இப்போது ஒன்றும் இல்லை' என்று அது உடனே திரும்பிவிடும். மறுபடி கேட்பது நம் பாடு. ஒத்தியங்கா அழைப்பு (அசிங்க்ரனஸ் கால்) வேலையை வாங்கி வைத்துக்கொண்டு, முடிந்ததும் அதுவே வந்து சொல்லும். ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் ஆவணம் எழுதுகிறவர் மாட்டிக்கொள்வார்.

> எங்களுக்கு மறியல் எண்டால் சிறை. விளக்கமறியல் நாள்தோறும் செய்தியில வருது. 'மறியல் அழைப்பு' எண்டு போட்டால் இங்க சிரிப்பினம்.

இதுவரை வந்த மறுப்புகளில் வலுவானது இதுதான். யாழ்ப்பாண நண்பருக்கு நன்றி. அதனால்தான் முதலில் வந்த 'மறியல் அழைப்பை' விட்டுவிட்டு 'மறிப்பு' என்கிறேன். வினையடி அதேதான், சிறையும் வராது, கொடி பிடித்த கூட்டமும் வராது. பழம்பாடலில் மறி என்றால் ஆட்டுக்குட்டி என்று குழுவில் ஓர் ஐயா எழுதியிருந்தார். அது உண்மைதான், ஆனால் நிரல் எழுதும்போது யாருக்கும் ஆட்டுக்குட்டி குறுக்கே வராது என்று நம்புகிறேன்.

வாக்கியத்தில் உட்காருகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். நிஜ ஆவணத்தில் வரக்கூடிய சில (சாளரத்தைக் கவனிக்கும் அந்த ஓர் இழைதான் இடைமுக இழை, பின்னணி வேலைக்கு நாம் தனியாகத் தொடங்குவது துணை இழை):

"இந்தச் செயற்கூறு இடைமுக இழையை மறிக்கும். துணை இழையில் இயக்கவும்."

"துணை இழை எவ்வளவு நேரம் மறிக்கப்பட்டாலும் சாளரம் இயங்கும். ஆனால் துணை இழையிலிருந்து சாளர உறுப்புகளை நேரடியாகத் தொடக்கூடாது."

இரண்டாவது வாக்கியத்தின் பின்பாதியைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். துணை இழையிலிருந்து லேபிளை மாற்றினால் எழுதியவர் கணினியில் நன்றாகவே ஓடும். வாடிக்கையாளர் இடத்தில் எப்போதாவது ஒருநாள் கவிழும், காரணம் பிடிபடாது. முடிவை இடைமுக இழையிடம் ஒப்படைப்பதுதான் முறை. சாளரம் அமைக்கும் நூலகம் ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு வழி உண்டு. ஜாவாவின் ஸ்விங்கில் இன்வோக்லேட்டர், கியூட்டியில் சிக்னல். பைத்தானின் டிகிண்டரில் ஒரு கியூவில் போட்டுவிட்டு, இடைமுக இழை ஆஃப்டர் வைத்து அவ்வப்போது எட்டிப்பார்ப்பது.

"இடைமுக இழை துணை இழைக்காகவும், துணை இழை இடைமுக இழைக்காகவும் மறிபட்டு நின்றால் அது முட்டுக்கட்டை."

டெட்லாக்குக்கு முட்டுக்கட்டை என்று முன்பே ஒத்துக்கொண்டோம், மறிப்பு அதோடு இடிக்கவில்லை. இது புத்தகத்தில் மட்டும் வரும் நிலைமை அல்ல. நிரலை மூடும்போது 'துணை இழை முடியட்டும்' என்று இடைமுக இழை நிற்கும். அந்தத் துணை இழையோ கடைசியாக ஒரு முறை முன்னேற்றப் பட்டையை நகர்த்தச் சொல்லி, பதில் வரும்வரை நிற்கும். இரண்டும் அசையாது, டாஸ்க் மேனேஜரில் போய்க் கொல்ல வேண்டியதுதான்.

விஷுவல் பேசிக்கின் டூஈவென்ட்ஸ் வகைக்கும் பெயர் கேட்டிருந்தார்கள். நீண்ட கண்ணிக்கு (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புக்கு) நடுவே 'வரிசையில் இருப்பதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வா' என்று சொல்வது. 'இடைவழி விடுதல்' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் விளக்கத்தில் ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். வழி விட்ட அந்த நேரத்தில் பயனர் அதே பொத்தானை மறுபடி அழுத்தலாம், பாதியில் நிற்கும் செயற்கூறுக்குள்ளேயே இரண்டாம் தடவை நுழையலாம். சாளரத்தையே மூடியும் விடலாம், திரும்பி வரும் கண்ணிக்கு எழுத லேபிள் இருக்காது. பொத்தானை முடக்கிவிட்டு வழி விட்டால் முதல் ஆபத்து குறையும், இரண்டாவது அப்படியே இருக்கும்.

சரி, இந்தச் சொற்கள் எல்லாம் நிரலாளர் ஆவணத்துக்கு மட்டும். பயனர் பார்க்கும் உரையாடல் பெட்டியில் 'இழை மறிக்கப்பட்டுள்ளது' என்று யாரும் மொழிபெயர்த்துவிட வேண்டாம். 'நிரல் பதிலளிக்கவில்லை. காத்திருக்கவா, மூடவா?' போதும்.

'இடைமுக இழை' வேண்டாம், 'முதன்மை இழை'யே இருக்கட்டும் என்ற கருத்து இன்னும் தீரவில்லை. அதற்குத் தலைப்பை மாற்றித் தனி இழை தொடங்கினால் நல்லது. மடல் இழையைத்தான் சொல்கிறேன்.