சிஏ-125 எண்ணை எப்படிப் படிப்பது? ரத்தம் எடுக்கும் இடத்தில் வரும் கேள்விகள்

மஞ்சக்குப்பம் டெக்னீஷியன்:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் ரத்த மாதிரி சேகரிக்கும் மையத்தில் வேலை. நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி பக்கத்துப் பெண்கள் சினைப்பைக் கட்டிக்கான சிஏ-125 ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வருகிறார்கள். ரிப்போர்ட்டில் 35-க்கு மேல் போனாலே தடித்த எழுத்தில் அச்சாகிவிடும். 86 என்று பார்த்ததுமே கூட வந்தவர் அழ ஆரம்பித்துவிடுகிறார். விளக்கம் சொல்ல வேண்டியது டாக்டர்தான், அது தெரியும். ஆனால் தப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்பதற்காகக் கேட்கிறேன்.

86 என்றால் புற்றுநோயா? வயதுக்குத் தகுந்தபடி வேறு என்னென்ன டெஸ்ட் எழுதுவார்கள், ஏன்? ஒரு முறை கடலூரில், அடுத்த முறை புதுச்சேரியில் என்று மாற்றி மாற்றி எடுப்பவர்களுக்கு என்ன சொல்வது? சாம்பிள் எடுப்பதில் நாங்கள் எங்கே கோட்டை விடுகிறோம்?

புதுவை பயோகெமிஸ்ட்ரி:

தம்பி, கடைசி இரண்டு கேள்விக்கு நான் சொல்கிறேன். முதல் இரண்டுக்கு டாக்டரம்மா வருவார்.

சிஏ-125 சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரில் பார்ப்பது. மஞ்சள் மூடி ஜெல் டியூபில் 3 முதல் 5 மி.லி. போதும், வெறும் வயிறு தேவையில்லை. எடுத்ததும் நாலைந்து முறை மெதுவாகக் கவிழ்த்து, அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து, நன்றாக உறைந்த பிறகு சுழற்றுங்கள். அவசரப்பட்டு பத்து நிமிடத்தில் சென்ட்ரிஃபியூஜில் போட்டால் சீரத்தில் ஃபைப்ரின் என்கிற உறைவு நூல் மிதக்கும். மெஷினின் ஊசி அதை உறிஞ்சினால் அளவு தவறும், தப்பான எண் வரும். பிரித்த சீரத்தை 2 முதல் 8 டிகிரியில் ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். சித்திரை வெயிலில் பைக் டேங்க் மேல் வைத்துக் கொண்டுபோகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

இடம் மாற்றுவது பற்றி. சிஏ-125 என்பது எம்யூசி16 என்கிற பெரிய புரதத்தின் ஒரு பகுதி. ஒவ்வொரு கம்பெனியின் கிட்டும் அதைப் பிடிக்க வேறு வேறு ஆன்டிபாடி ஜோடியை வைத்திருக்கிறது. அதனால் ஒரே ரத்தத்துக்கு ஒரு மெஷினில் 48, இன்னொன்றில் 62 என்று வந்தாலும் இரண்டு லேபும் சரியாகவே செய்திருக்கலாம். நோயாளியோ 48-லிருந்து 62-க்கு ஏறிவிட்டது என்று நடுங்குவார். சிகிச்சை தொடங்கியபோது எந்த லேபோ, முடிகிறவரை அதே லேப். மாற்றியே ஆக வேண்டுமென்றால் மாற்றுகிற நாளில் ஒரே குத்தில் இரண்டு டியூப் எடுத்து இரண்டு இடத்துக்கும் அனுப்பி, புதிய இடத்து எண்ணைப் புதிய தொடக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். லேபை மாற்றாமல் இருந்தாலும் 40, அடுத்து 46 என்று வருவது ஏற்றம் ஆகாது. உடம்பின் இயல்பான ஆட்டமும் மெஷினின் ஆட்டமும் சேர்ந்தே அவ்வளவு வந்துவிடும்.

இன்னொன்று, பயோட்டின் என்கிற வைட்டமின். முடி கொட்டுகிறது என்று 5, 10 மி.கிராம் மாத்திரையாகச் சாப்பிடுகிறார்கள். பயோட்டினையே பசைபோல வைத்து, ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் முறையில் ஓடும் மெஷினில் அது சிஏ-125-ஐ உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். கூடுதலாகக் காட்டினால் யாராவது சந்தேகப்பட்டு மறுபடி பார்ப்பார்கள். குறைவாக வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஆபத்து அதில்தான். கீமோவில் முடி கொட்டி மறுபடி வளரும் காலத்தில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் அதிகம். மூன்று நாள் நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

மகளிர் புற்றுநோய் டாக்டரம்மா:

86 என்றால் புற்றுநோயா என்று கேட்டால், அந்த எண்ணை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஒரே 86 இரண்டு பெண்களுக்கு வந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

கட்டி புற்றுநோயாக இருக்கும் ஆபத்தைக் கணிக்க நாங்கள் ஆர்எம்ஐ என்று ஒரு கணக்குப் போடுவோம். ஸ்கேன் மதிப்பெண், மாதவிலக்கு மதிப்பெண், சிஏ-125 மூன்றையும் பெருக்குவது. ஸ்கேனில் ஐந்து விஷயம் பார்ப்போம்: கட்டிக்குள் பல அறைகள், கெட்டியான பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறு இடத்தில் பரவல். எதுவும் இல்லையென்றால் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிலக்கு நிற்காதவருக்கு 1, நின்றவருக்கு 3. 

30 வயதுப் பெண், ஒரு பக்கம் மட்டும் பல அறைகள் உள்ள நீர்க்கட்டி: 1 × 1 × 86, ஆக 86. 58 வயது அம்மா, கெட்டியான பகுதியும் வயிற்றில் நீரும் இருக்கிறது: 3 × 3 × 86, ஆக 774. 200-ஐத் தாண்டினால் பொது அறுவை சிகிச்சைக்கு விடாமல் புற்றுநோய் அறுவை செய்கிறவரிடம் அனுப்ப வேண்டும் என்பது பரவலாக உள்ள வரம்பு. முதல் அறுவையைச் சரியான கை செய்வது இந்த நோயில் மிக முக்கியம். கடலூர் மாவட்டத்திலிருந்து இப்படிப்பட்டவர்கள் புதுச்சேரி கோரிமேடு ஜிப்மரில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போவது வழக்கம். ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும்.

இந்தக் கணக்கும் ஏமாறும். கருப்பையின் உள்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸில், சாக்லேட் சிஸ்ட் என்கிற கட்டி இரண்டு பக்கமும் பல அறைகளோடு இருந்தால் 3 × 1 × 86, அதாவது 258 ஆகிவிடும். புற்றுநோய் இருக்காது. மாதவிலக்கு ஓடும் நாட்கள், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், ஃபைப்ராய்டு என்கிற கருப்பைச் சதைக்கட்டி, அடிவயிற்றுத் தொற்று, கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோப்பது, இதயம் பலவீனமாகி நீர் சேர்வது, எல்லாமே இந்த எண்ணை ஏற்றும். அவசரம் இல்லாதபோது மாதவிலக்கு முடிந்து ஒரு வாரம் கழித்து எடுப்பது நல்லது.

நம் ஊரில் மறக்கவே கூடாதது வயிற்றுக் காசநோய். வயிறு உப்பி, எடை குறைந்து, ஸ்கேனில் நீரும் கொழுப்புச் சவ்வில் தடிப்பும் தெரிந்து, சிஏ-125 பல நூறு காட்டும். பார்த்தால் முற்றிய சினைப்பைப் புற்றுநோய் போலவே இருக்கும். ஆறு மாத மாத்திரையில் குணமாகிற நோய் அது. வயிற்று நீரை எடுத்து, காசநோயில் ஏறும் ஏடிஏ என்கிற நொதியைப் பார்த்து, செல் பரிசோதனைக்கும் அனுப்பி, சவ்வில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்காமல் யாருக்கும் கீமோ தொடங்கக் கூடாது. ஆனால் வயிற்றில் நீர் இல்லாமல் சினைப்பைக்குள் மட்டும் அடங்கியிருக்கும் கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சவும் கூடாது. புற்றுநோயாக இருந்தால் உள்ளே இருப்பது வயிற்றுக்குள் சிந்தி, முதல் நிலை நோயையே மோசமாக்கிவிடும்.

மறுபக்கம், 35-க்குள் இருப்பதால் ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். முதல் நிலையில் பாதிப் பேருக்குத்தான் ஏறியிருக்கும். நோய் இல்லாத பெண்களுக்கு ஆண்டுதோறும் பார்த்தால் உயிர் காக்குமா என்று பிரிட்டனில் சுமார் 2 லட்சம் பெண்களை வைத்துப் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவு: இறப்பு குறையவில்லை. அதனால் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியலில் இது இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வயதுப்படி வேறு டெஸ்ட் கேட்டீர்கள். 40 வயதுக்குக் கீழே கெட்டியான கட்டி இருந்தால் ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி, எல்டிஎச் என்கிற மூன்று ரத்த டெஸ்டும் கட்டாயம். இளம் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் முட்டை செல்லிலிருந்து வரும் கட்டி, அதன் வைத்தியமே வேறு. குழந்தைப் பேறைக் காப்பாற்றிக்கொண்டே குணப்படுத்தலாம். யோக் சாக் கட்டியில் ஏஎஃப்பி, டிஸ்ஜெர்மினோமாவில் எல்டிஎச் ஏறும். கிரானுலோசா செல் கட்டி என்று சந்தேகம் வந்தால் இன்ஹிபின் என்கிற ஹார்மோன். ஹெச்இ4 என்கிற இன்னொரு புரதத்தை எழுதினால், சாக்லேட் சிஸ்ட்டா புற்றுநோயா என்று பிரிக்க உதவும், எண்டோமெட்ரியோசிஸில் அது அவ்வளவாக ஏறாது. ஆனால் சிறுநீரகம் பழுதானால் ஏறும், எனவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இல்லாமல் ஹெச்இ4-ஐப் படிக்கக் கூடாது. சிஇஏ, சிஏ 19-9 எழுதுவது குடலில் இருந்து வந்த கட்டியோ என்று பார்க்க. சிஏ-125-ஐ சிஇஏ-யால் வகுத்து 25-க்கு மேல் வந்தால் சினைப்பைப் பக்கம் சாயும், குறைவாக வந்தால் இரைப்பையிலும் பெருங்குடலிலும் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும்.

மஞ்சக்குப்பம் டெக்னீஷியன்:

மிக்க நன்றி மேடம், நன்றி சார். 21 நாளுக்கு ஒரு முறை கீமோ போகிறவர்கள் முந்தின நாள் இங்கேயே ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கிரியாட்டினின், சிபிசி என்கிற ரத்த அணு எண்ணிக்கை எல்லாம் சேர்த்துத்தான். அதில் எங்கள் பக்கம் என்ன கவனிக்க வேண்டும்?

கீமோ வார்டு சிஸ்டர்:

தம்பி, நிறைய கவனிக்க வேண்டும். எங்களுக்கு அந்தத் தாள்தான் மருந்தின் அளவு.

வழக்கமான மருந்து பக்லிடாக்சல், கார்போபிளாட்டின். இதில் கார்போபிளாட்டினை உயரம் எடையை வைத்து மட்டும் போடுவதில்லை, சிறுநீரகம் எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதை வைத்துப் போடுகிறோம். ஏயூசி என்பது உடம்பில் மருந்து மொத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்கிற இலக்கு, ஜிஎஃப்ஆர் என்பது சிறுநீரகம் நிமிடத்துக்கு வடிகட்டும் அளவு. ஏயூசி 5 என்றால், ஜிஎஃப்ஆரோடு 25 கூட்டி 5-ஆல் பெருக்கினால் மில்லிகிராம். ஜிஎஃப்ஆர் வருவது உங்கள் கிரியாட்டினினிலிருந்து. 58 வயது, 54 கிலோ அம்மாவுக்கு கிரியாட்டினின் 0.9 என்றால் ஜிஎஃப்ஆர் சுமார் 58, மருந்து 415 மி.கிராம். அதே அம்மாவுக்கு 0.4 என்று எழுதி அனுப்பினால் ஜிஎஃப்ஆர் 130-ஐத் தாண்டும், மருந்து 775-க்கும் மேல் போகும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! சாப்பிட முடியாமல் சதை கரைந்த பெண்களுக்கு கிரியாட்டினின் இயல்பாகவே குறைந்துதான் வரும், சிறுநீரகம் பிரமாதம் என்று அதற்கு அர்த்தமில்லை. அதனால் 0.7-க்குக் கீழே வந்தால் 0.7 என்றே வைத்துக் கணக்குப் போடுவதும், ஜிஎஃப்ஆரை 125-க்கு மேல் விடாமல் நிறுத்துவதும் வழக்கம். டிரிப் ஏறுகிற கையிலேயே ரத்தம் எடுத்தால் சலைன் கலந்து கிரியாட்டினின் குறையும், ஹீமோகுளோபினும் குறையும். மறு கையில் எடுங்கள். கீமோவுக்காகத் தோலுக்கடியில் வைத்திருக்கும் போர்ட் வழியாக நீங்கள் எடுக்க வேண்டாம்.

சிபிசியில் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளையணு 1500, பிளேட்லெட் 1 லட்சம் இருந்தால் பெரும்பாலும் அடுத்த சுற்று ஓடும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் ஈடிடிஏ சிலருக்குப் பிளேட்லெட்டைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்துவிடும். மெஷின் கொத்தை ஒன்றாக எண்ணி 62 ஆயிரம் என்று சொல்லும். பஸ் ஏறி வந்தவரை ‘கவுண்ட் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்று திருப்பி அனுப்புவோம். எண்ணிக்கை திடீரென்று விழுந்திருந்தால் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து ஒரு ஸ்மியர் போட்டு ஓரத்தில் கொத்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து, வருகிற எண்ணை 1.1-ஆல் பெருக்கி எழுதுங்கள். ஒரு வாரம் மிச்சம் அவர்களுக்கு.

கீமோ முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் ஒருவர் காய்ச்சலோடு உங்களிடம் வந்தால், ரிப்போர்ட் மாலை என்று உட்கார வைக்காதீர்கள். 38.3 டிகிரி, அதாவது ஃபாரன்ஹீட்டில் 101 இருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள். நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருந்தால் சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறும்.

மகளிர் புற்றுநோய் டாக்டரம்மா:

சிஸ்டர் சொன்னதோடு சேர்த்து, கீமோ நடக்கும்போது சிஏ-125. ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் எடுக்க வேண்டும், முக்கியமாக முதல் 100 நாளில் குறைந்தது மூன்று எண். அந்த இறக்கத்தின் வேகத்தை வைத்து மருந்து எவ்வளவு கேட்கிறது என்று கணிக்க கெலிம் என்று ஒரு கணக்கு இருக்கிறது, நடுவில் ஒன்று விட்டுப்போனால் அது படுத்துவிடும். அறுவை சிகிச்சை நடந்தாலோ வயிற்று நீரை வடித்தாலோ நான்கு வாரத்துக்கு எண்ணை நம்பக் கூடாது, வயிற்றுச் சவ்வு எரிச்சலிலேயே ஏறும். நோயாளிகள் அந்தச் சமயத்தில்தான் மிகவும் பயந்து போகிறார்கள்.

சிகிச்சை முடிந்து 12 ஆக இருந்தது 24 ஆகிவிட்டது என்று வருவார்கள். இன்னும் 35-க்குள்தான். திரும்பிவிட்டது என்று ரத்தத்தை வைத்துச் சொல்ல, 35-ன் இரு மடங்கான 70-ஐ எட்ட வேண்டும், ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை. கடைசிவரை 35-க்குள் இறங்காமல் 60-லேயே நின்றவருக்கு அந்த 60-ன் இரு மடங்கு. ஆனால் எண் ஏறியதை மட்டும் பார்த்து உடனே கீமோ தொடங்கியவர்களும், உடம்பில் தொந்தரவு தெரிந்த பிறகு தொடங்கியவர்களும் ஒரே அளவு காலமே வாழ்ந்தார்கள் என்று 2010-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. முன்னால் தொடங்கியவர்களுக்குக் கிடைத்தது கூடுதல் கீமோதான். மறுபடி அறுவை செய்ய ஏற்றவர்களுக்குப் பலன் இருக்கிறது என்று 2021-ல் இன்னொரு ஆய்வு வந்திருப்பதால், ஏறும்போது ஸ்கேன் பார்ப்பது வீண் இல்லை. மாதாமாதம் தானே வந்து எடுத்துப் பார்ப்பதுதான் வேண்டாதது, டாக்டர் சொன்ன இடைவெளி போதும்.

பரம்பரையாக வரும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எபிதீலியல் வகை சினைப்பைப் புற்றுநோய் என்று உறுதியான ஒவ்வொருவருக்கும், குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லாவிட்டாலும், அந்த ரத்தப் பரிசோதனை வேண்டும். ஊதா மூடி டியூப். அதன் பதிலில்தான் ஓலாபரிப் போன்ற மாத்திரை முடிவாகும், மகளுக்கும் தங்கைக்கும் என்ன செய்வது என்பதும்.

மஞ்சக்குப்பம் டெக்னீஷியன்:

சீட்டில் நாங்கள் கூடுதலாக எழுதி அனுப்பினால் உங்களுக்கு உதவுமா சார்?

புதுவை பயோகெமிஸ்ட்ரி:

ரொம்ப. கடைசி மாதவிலக்குத் தேதி அல்லது நின்ற வருடம், கடைசி அறுவை அல்லது நீர் வடித்த தேதி, பயோட்டின் உண்டா, எத்தனையாவது கீமோ சுற்று, போன முறை எண் எவ்வளவு, எந்த லேப். சாம்பிள் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். சிவப்பணு உடைந்த சாம்பிளில் எல்டிஎச்சும் பொட்டாசியமும் பொய்யாக ஏறும், டிஸ்ஜெர்மினோமா சந்தேகத்தில் வந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்த ஒரு பொய் எண் பெரிய குழப்பம். அப்படி இருந்தால் எங்களுக்கு அனுப்பாமல் அங்கேயே மறுபடி குத்திவிடுங்கள், மெல்லிய ஊசியைத் தவிர்த்து, சிரிஞ்சை வேகமாக இழுக்காமல்.